ஏசி செத்துப்போன வீட்டுக்கு எந்த ஹீட் பம்ப்?

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட மின்னஞ்சல் எழுதியிருந்தார். பெயரையும் தெருவையும் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

1970களில் கட்டிய இரண்டு மாடிச் செங்கல் வீடு. ஏறத்தாழ 1,800 சதுர அடி. மேலே அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், 74 வயது அம்மா. பேஸ்மென்ட்டில் ஒரு இளம் தம்பதி வாடகைக்கு. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸுக்கு 18 வயது, இன்னும் ஓடுகிறது. ஏசி போன ஓகஸ்டில் நின்றுவிட்டது. மின்சாரப் பெட்டி 100 ஆம்ப். வருடத்துக்கு 2,400 கன மீற்றர் கேஸ் எரிகிறது, அதில்தான் குளிக்கும் தண்ணீரும் சூடாகிறது. மேல்மாடி வெந்துபோக, பேஸ்மென்ட் விறைக்கிறது. கீழே இருப்பவர்கள் சிறிய ஹீட்டர் ஒன்றை வைத்துச் சமாளிக்கிறார்களாம்.

கோடையில் ஏசியாக ஓடி, குளிர்காலத்தில் வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் விடும் மின்சார இயந்திரம்தான் ஹீட் பம்ப். அதைப் போடலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். நிலத்துக்குள் குழாய் புதைப்பதுதான் உண்மையான ஹீட் பம்ப், மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்கிறார் ஒட்டாவாவுக்கு வெளியே இருக்கும் மச்சான். வேலையிடத்து நண்பர் அறைக்கு ஒரு மினி ஸ்பிளிட், அதாவது சுவரில் மாட்டும் சிறிய ஹீட் பம்ப், போடச் சொல்கிறார். லண்டனில் இருக்கும் தங்கை, தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டருக்கு அனுப்பும் வகையைப் போட்டிருக்கிறார். அரசாங்கம் 7,500 பவுண் கொடுத்ததாம். மனைவியோ, "பேசாமல் ஒரு ஏசியை வாங்கிப் போடுங்கோ" என்கிறார்.

இதற்கிடையில் ஒருவர் வாசலுக்கே வந்துவிட்டார். 5 தொன் ஹீட் பம்ப் (தொன் இங்கே எடையல்ல, இயந்திரம் தரும் வெப்பத்தின் அளவு), கேஸை அடியோடு வெட்டிவிடலாம், அரசாங்கம் 7,500 டொலர் தரும், கார்பன் வரி ஏறிக்கொண்டே போவதால் கேஸ் இனிக் கட்டுப்படியாகாது, கையில் காசே வேண்டாம், மாதம் 149 டொலர் வாடகை, 10 வருடம். டப்லெட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். "அண்ணா, நான் செய்தது சரியா? -20 வந்தால் இது வேலை செய்யுமா? எந்த வகை எங்கள் வீட்டுக்கு ஒத்துவரும்?" என்று முடிக்கிறார்.

தம்பி, வணக்கம். மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், முதலில் பம்பைப் பற்றிக் கதைக்கப்போவதில்லை.

அந்தக் கையெழுத்து

உங்கள் மின்னஞ்சல் வந்தபோது கையெழுத்துப் போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. அதனால்தான் அன்றிரவே உங்களை அழைத்தேன். ரத்துக் கடிதம் அனுப்பிவிட்டேன் என்று மறுநாள் நீங்கள் சொன்ன பிறகுதான் மீதியை எழுத மனம் வந்தது. உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள், ஆகவே கதைத்ததை இங்கேயும் பதிகிறேன்.

ஒன்ராறியோவில், உங்கள் வீட்டில் வைத்துச் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் சட்டம் கேட்கும் விபரங்கள் இல்லையென்றால் ஒரு வருடம் வரை வழியுண்டு, ஆனால் அதற்கு வாதாட வேண்டும். 10 நாளுக்குள் என்றால் வாதமே இல்லை. மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள், பிரதி வைத்திருங்கள். மாதக் காசு எடுப்பதற்கென்று void எழுதிய காசோலை கொடுத்திருந்தால் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். அதற்குள் "நாளைக்கே பொருத்த வருகிறோம்" என்று வந்தால் கதவைத் திறக்க வேண்டாம்.

2018 மார்ச் 1 முதல், ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் போன்றவற்றை அழையாமல் வாசலுக்கு வந்து விற்று ஒப்பந்தம் போடுவதே இங்கு தடை. அப்படிப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. "நான் விற்றது ஏசி இல்லை, ஹீட் பம்ப்" என்று அவர் நழுவப் பார்க்கலாம். அந்த வழக்காட்டத்துக்குள் நீங்கள் இறங்க வேண்டாம், 10 நாள் உரிமை கையில் இருக்கும்போது அதைப் பிடியுங்கள்.

வீட்டை விற்கப் போகும்போது, அல்லது மோர்ட்கேஜ் புதுப்பிக்கும்போது, காணிப் பதிவில் ஒரு நோட்டீஸ் கிடப்பது தெரியவந்து தலையில் கை வைத்த சனம் எங்கள் ஊரில் கொஞ்சமல்ல. வாடகைக்கு விட்ட இயந்திரத்தைச் சாட்டி வீட்டின் மேல் போடும் பிடி அது. 2024 ஜூன் 6 முதல் இப்படியான வீட்டுச் சாமான்களுக்கு அந்த நோட்டீஸ் போடுவதை ஒன்ராறியோ நிறுத்திவிட்டது, பழையவையும் காலாவதியானதாகக் கணக்கு. ஆனால் நோட்டீஸ் போனால் கடனும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. ஒப்பந்தம் ரத்தாகும்வரை மாதக் காசு கேட்கத்தான் செய்வார்கள்.

அந்த மாதக் காசையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 149 டொலர், 120 மாதம்: 17,880. நீங்கள் படம் எடுத்து அனுப்பிய தாளின் மூன்றாம் பக்கத்தில், வருடாவருடம் 3.5 வீதம் கூடும் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்தால் 21,000க்குக் கிட்ட வரும், வரி தனி. அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல வேலை செய்யலாம்.

அவர் சொன்ன மற்ற இரண்டு கதைகளையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். வீட்டுக் கேஸ் பில்லில் வந்துகொண்டிருந்த மத்திய அரசின் கார்பன் கட்டணம் 2025 ஏப்ரல் 1இல் நின்றுவிட்டது. ஏறிக்கொண்டே போக அங்கே இப்போது ஒன்றுமில்லை. 7,500 டொலர் என்பது முழுப்பொய் இல்லை, 2025இல் தொடங்கிய ஒன்ராறியோவின் வீட்டுத் திருத்த உதவித் திட்டத்தில் அந்த எண் இருக்கிறது. ஆனால் அது மின்சாரத்தால் சூடாகும் வீடுகளில், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்புக்கான உச்சத் தொகை. கேஸில் சூடாகும் உங்கள் வீட்டுக்குக் கிடைப்பது அதில் ஒரு சின்னப் பங்குதான். மத்திய அரசின் 5,000 டொலர் மானியம் 2024 தொடக்கத்திலேயே புது விண்ணப்பங்களுக்கு மூடியாயிற்று. தங்கைக்குக் கிடைத்த 7,500 இங்கிலாந்தின் திட்டம், அந்த எண் ஒத்துப்போனது தற்செயல். அங்கே ரேடியேட்டர் இருக்கும் வீடுகள், அதனால் காற்றிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் மாற்றும் வகை பொருந்துகிறது. உங்கள் வீட்டில் இருப்பது காற்று ஓடும் டக்ட். அந்த வகையை உங்கள் பட்டியலிலிருந்து வெட்டிவிடலாம்.

5 தொன் எதற்கு?

இனித்தான் என் தொழிலுக்கு வருகிறேன். ஹீட் பம்ப் வாங்கப் போகிறவர்கள் "எந்த வகை" என்று தொடங்குகிறார்கள். நான் எப்போதும் "இந்த வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும், அது எந்த வழியாகப் போகும், மின்சாரப் பெட்டி என்ன தாங்கும்" என்று தொடங்குவேன். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் வகை அநேகமாகத் தானாகவே தெரிந்துவிடும்.

முதலாவதற்கு உங்கள் கேஸ் பில்லே போதும். வெயில் காலத்தில் மாதம் 40 கன மீற்றர் எரிகிறது என்கிறீர்கள். அது குளிக்கிற தண்ணீர். வருடத்துக்கு 480. மீதி 1,920 கன மீற்றர்தான் வீட்டைச் சூடாக்க. ஒரு கன மீற்றர் கேஸில் ஏறத்தாழ 10.3 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம், உங்கள் ஃபர்னஸ் 92 வீதம் திறன். ஆக வீட்டுக்குள் வந்த வெப்பம் 18,200 யூனிட் அளவு. ரொறன்ரோவின் குளிரை 18 பாகையை அடிப்படையாக வைத்து அளந்தால் வருடத்துக்குச் சுமார் 3,600 பாகை-நாள், அதாவது ஒவ்வொரு நாளும் 18க்கு எத்தனை பாகை கீழே என்று கூட்டிய தொகை. 24ஆல் பெருக்கி, அதைக் கொண்டு 18,200ஐப் பிரித்தால், வெளியே ஒவ்வொரு பாகை இறங்கும்போதும் உங்கள் வீடு 0.21 கிலோவாட் இழக்கிறது. வெளியே -18 என்று வைத்தால் 36 பாகை வித்தியாசம், 7.6 கிலோவாட். விற்பவர்களின் பாஷையில் மணிக்கு 26,000 பிடியூ, அது வெப்பத்தை அளக்கும் பழைய அலகு. ஒரு தொன் என்பது 12,000 பிடியூ. அதாவது வருடத்தின் கடுங்குளிர் நாளில் உங்கள் வீட்டுக்கு வேண்டியது இரண்டேகால் தொன் வெப்பம்.

இது என் குசினி மேசைக் கணக்கு, கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம். வேலை செய்யப் போகிறவர் சுவர், ஜன்னல், அட்டிக் எல்லாம் அளந்து, கனடாவில் இதற்கென்று இருக்கும் எஃப்280 முறையில் கணக்குப் போட வேண்டும். அவர் கணக்கில் 2 வந்தாலும் 3 வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். 5 வந்தால் வேறு வீட்டை அளந்திருக்கிறார்.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே, அம்மாவுக்குக் குளிராதே என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அளவுக்கு மிஞ்சிய ஹீட் பம்ப் வீட்டைச் சடாரென்று சூடாக்கி நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்பும். நின்று நின்று ஓடினால் மின்சாரமும் வீண், இயந்திரத்தின் ஆயுளும் குறையும், கோடையில் காற்றின் ஈரத்தை இழுக்கவும் நேரம் போதாது. அப்புறம் டக்ட். ஒரு தொன்னுக்கு நிமிடத்துக்கு 350 முதல் 400 கன அடி காற்று போக வேண்டும். 5 தொன்னுக்கு 2,000க்குக் கிட்ட. செத்துப்போன உங்கள் ஏசியின் லேபலில், மொடல் எண்ணின் நடுவில் 030 என்று இருக்கிறது பார்த்தீர்களா? 30,000 பிடியூ, இரண்டரைத் தொன். அதற்கென்று போட்ட டக்டுக்குள் இரண்டு மடங்கு காற்றைத் தள்ளினால், அம்மாவின் அறை காற்றுத்துளை இரவிரவாக விசிலடிக்கும்.

மச்சான் சொன்னதும் நண்பர் சொன்னதும்

மச்சான் சொன்னது பொய்யில்லை. அவர் காணி வேறு, உங்கள் காணி வேறு, அவ்வளவுதான். நிலத்துக்குக் கீழே சில மீற்றர் போனால் வருடம் முழுக்க 8 முதல் 10 பாகைதான். வெளியே -20 என்றாலும் அந்த இயந்திரத்துக்கு அது தெரியாது, அதனால் திறன் பெரிதாக விழாது, வெளியே சத்தம் போடும் பெட்டியும் இல்லை. அவருக்கு ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கும், ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டிக் குழாயைப் படுக்கவைத்திருப்பார். உங்களுக்கு இருப்பது 40 அடி அகலக் காணி. அங்கே செங்குத்தாகத் துளைதான் போட வேண்டும், நூறு மீற்றருக்கும் கீழே. அந்த ரிக் வண்டி உங்கள் பின்வளவுக்கு எப்படிப் போகும்? கராஜுக்கும் வேலிக்கும் இடையில் ஒரு தள்ளுவண்டி போகத்தான் இடம் இருக்கிறது. விலையும் ரொறன்ரோவில் 35,000 டொலருக்குக் கீழே என் கண்ணில் படவில்லை. இருக்கிற எல்லா வகையிலும் சிறந்த இயந்திரம் அதுதான், உங்கள் வீட்டுக்கு அல்ல.

மினி ஸ்பிளிட் நல்ல சாமான். டக்ட் இல்லாத வீட்டுக்கு, பேஸ்போர்ட் மின்சார ஹீட்டர் இருக்கும் வீட்டுக்கு, கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்வேன். உங்களிடம் நல்ல டக்ட் இருக்கும்போது ஐந்து அறைக்கும் ஐந்து தலை மாட்டி, சுவரெல்லாம் துளைத்து, ஐந்து ஃபில்டர் கழுவுவது எதற்கு? ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் அது தேவைப்படலாம், பேஸ்மென்ட்டுக்கு. அதைக் கீழே சொல்கிறேன்.

கேஸை அடியோடு வெட்டும் யோசனைக்குத் தடையாக நிற்பது குளிர் அல்ல, உங்கள் 100 ஆம்ப் பெட்டி. முழு மின்சாரம் என்றால் கடுங்குளிர் நாளுக்கும் பம்ப் உறைபனியை உருக்கும் நேரத்துக்கும் துணைக்கு ஒரு மின்சாரக் கொயில் வைப்பார்கள். 10 கிலோவாட் கொயில் தனியாக 42 ஆம்ப் இழுக்கும். பம்ப், டிரையர், மேலே ஒரு அடுப்பு, கீழே ஒரு அடுப்பு. பெட்டியை 200 ஆம்ப் ஆக்காமல் முடியாது. அதற்கு 3,000 முதல் 5,000 டொலர், சில தெருக்களில் மேலும். தண்ணீர் சூடாக்குவதும் கேஸ் என்பதால் மாதாந்த இணைப்புக் கட்டணமும் நிற்காது.

மிஞ்சுவது: இருக்கிற டக்டிலேயே ஓடும் காற்று வகை ஹீட் பம்ப், பக்கத்தில் கேஸ் ஃபர்னஸ். இங்கே இதை ஹைபிரிட் என்பார்கள். குளிர் மிதமாக இருக்கும்போது பம்ப், ஒரு எல்லைக்குக் கீழே போனால் ஃபர்னஸ்.

-20இல் என்ன நடக்கும்?

குளிர்ந்த காற்றில் வெப்பமே இல்லை என்று நினைப்பது இயல்புதான். உங்கள் ஃபிரீசரின் உள்ளே -18. அதற்குள்ளிருந்து வெப்பத்தை இழுத்துத்தான் அது குசினிக்குள் விடுகிறது, வெளிப்பக்கம் கை வைத்தால் சுடும். ஹீட் பம்ப் செய்வதும் அதுவே, ஃபிரீசருக்குப் பதிலாக முழு வெளிவளவு. கடுங்குளிருக்கென்று செய்த இன்றைய மொடல்கள் -25 வரை ஓடும், சில அதற்கும் கீழே. நிற்காது, ஆனால் திறன் இறங்கும். வெளியே 8 பாகை என்றால் 1 யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை, நான்கு யூனிட் வெப்பம் தரும். -8இல் இரண்டரை அளவு. -15இல் இரண்டுக்குக் கிட்ட. தரும் மொத்த வெப்பமும் குறையும். அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் தொன்னைப் பார்க்காதீர்கள், "-15இல் இது எத்தனை பிடியூ தரும்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

அம்மாவுக்கு ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். ஃபர்னஸ் காற்றுத்துளையில் 50 பாகைக்கு மேல் சுடச்சுட வரும். பம்ப் காற்று 35, 40 பாகை. எங்கள் வீட்டில் போட்ட முதல் வாரம் என் மனைவி துளையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்து வருது, சூட்டைக் காணேல்லையே" என்றார். உடம்புச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட அதே சூடு என்பதால் கைக்குத் தெரிவதில்லை. வீடு 21இல்தான் இருந்தது. பம்ப் மெதுவாக, விடாமல் ஓடும். ஃபர்னஸ் காலத்துப் பழக்கத்தில் இரவில் 17க்கு இறக்கிவிட்டு விடிய 22க்கு ஏற்றினால், அது எட்டிப்பிடிக்க முடியாமல் துணைச்சூட்டைக் கூப்பிடும். ஒரே அளவில் விட்டுவிடுங்கள். அம்மாவின் கதிரை காற்றுத்துளைக்கு நேரே இருந்தால் கொஞ்சம் நகர்த்துங்கள், 38 பாகைக் காற்றும் மேலில் அடித்துக்கொண்டிருந்தால் குளிராகத்தான் தோன்றும்.

தை மாதக் காலையில் வெளிப்பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும்பும், அந்தப் பெட்டியின் விசிறி நின்று ஒரு சத்தம் கேட்கும். நெருப்பில்லை. கொயிலில் படிந்த பனியை அது தானாகவே உருக்குகிறது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

காசு மிஞ்சுமா?

இந்த இடத்தில் பலர் மழுப்புவார்கள். உங்கள் பில்களின்படி, நிலையான கட்டணங்களை விட்டால் கேஸ் கன மீற்றருக்கு 38 சதம் வருகிறது, ஹைட்ரோ, அதாவது மின்சாரம், யூனிட்டுக்குச் சராசரி 14 சதம். நல்ல புது ஃபர்னஸ் ஒரு கன மீற்றரிலிருந்து 10 யூனிட் வெப்பம் தரும். அதே 10 யூனிட்டை பம்ப் 38 சதத்துக்குத் தர வேண்டுமென்றால், 140ஐ 38ஆல் பிரியுங்கள், 3.7 மடங்கு திறன் வேண்டும். அது 5, 8 பாகை இருக்கும் ஐப்பசி, பங்குனி நாட்களில்தான் கிடைக்கும். நடு வின்ரரில் பம்பை ஓட்டினால் கேஸைவிடக் கூடவே செலவாகும்.

இரவு 11 முதல் விடிய 7 வரை மிக மலிவாக மின்சாரம் தரும் திட்டம் ஒன்று 2023 முதல் இருக்கிறது. அந்த நேரத்தில் பம்ப் கேஸை இலகுவாக வெல்லும். ஆனால் அதே திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் கொளுத்தும். உங்கள் வீட்டில் இரண்டு குசினியும் எரிவது சரியாக அந்த நேரத்தில்தான். மாறுவதற்கு முன் உங்கள் ஹைட்ரோ கணக்கில் மணிக்கு மணி எவ்வளவு இழுக்கிறீர்கள் என்று பாருங்கள், இணையத்தில் அது இருக்கிறது.

ஆகவே கேஸ் பில்லில் மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் இதை வாங்காதீர்கள். ஏசி எப்படியும் வாங்கத்தான் வேண்டும், அதற்கு 5,000, 6,000 போகும். ஹீட் பம்ப் என்பது பின்பக்கமாகவும் ஓடத் தெரிந்த ஏசி. நீங்கள் யோசிக்க வேண்டியது பம்பின் முழு விலையை அல்ல, ஏசிக்கும் அதற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. ஃபர்னஸையும் சேர்த்து மாற்றினால், நான் பார்க்கும் விலை மதிப்பீடுகளில் மொத்தம் 14,000 முதல் 18,000 வரை வருகிறது. நிலக்கரியை ஒன்ராறியோ 2014இல் கைவிட்டுவிட்டது, எங்கள் மின்சாரத்தில் பெரும்பங்கு அணுவும் நீரும். பிள்ளைகளுக்காகப் புகையைக் குறைக்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள், அந்தக் காரணம் நியாயமானது. அதற்கு விலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

உங்கள் மனைவி சொன்னதும் முட்டாள்தனமான வழியல்ல. கைக்குக் காசு நெருக்கடியென்றால் இந்த வருடம் ஏசியை மட்டும் போட்டுவிட்டு இருங்கள். ஆனால் 18 வயது ஃபர்னஸின் தலையில் புது ஏசியின் குளிர்க் கொயிலை ஏற்றிவிட்டு, மூன்று வருடத்தில் ஃபர்னஸ் போனால் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப மாட்ட வேண்டிவரும். நானென்றால் இரண்டரை முதல் மூன்று தொன், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் பம்பும், 40,000 பிடியூ அளவில் ஒரு சிறிய ஃபர்னஸும் ஒரே நாளில் மாற்றுவேன். மாறும் எல்லையை முதல் வின்ரர் 0 பாகையில் வைத்து, பில்லைப் பார்த்து நகர்த்துவேன்.

கீழ்வீடு

தம்பி, இதில் உங்களைக் கொஞ்சம் கண்டிக்கத்தான் வேண்டும். சிறிய ஹீட்டரில் சமாளிக்கிறார்கள் என்று இலேசாக எழுதிவிட்டீர்கள். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டை 21 பாகையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை, அவர்கள் முறைப்பாடு செய்யவில்லை என்பதால் அது இல்லாமல் போகாது. அந்த ஹீட்டர் 1,500 வாட், பழைய வயரில் எக்ஸ்டென்ஷன் கோர்ட் போட்டு ஓடுகிறது என்றால் எனக்கு நித்திரை வராது.

புது ஹீட் பம்ப் வந்தால் பேஸ்மென்ட் சரியாகிவிடும் என்ற எண்ணமும் பிழை. தெர்மோஸ்டாட் மேலே, சூடான காற்று விழுவது கூரைப்பக்கத் துளையால், தரையோடு திரும்பக் காற்று இழுக்கும் வழி இல்லை. எந்த இயந்திரம் போட்டாலும் கால் விறைக்கும். முதலில் வீட்டின் மரச்சட்டகம் அத்திவாரத்தில் உட்காரும் விளிம்பைச் சுற்றிக் காற்றொழுக்கை அடைத்துவிடுங்கள், தரைமட்டத்தில் ஒரு திரும்புவழி வெட்டுங்கள். சில நூறு டொலர் வேலை. அப்படியும் போதாவிட்டால் நண்பர் சொன்ன மினி ஸ்பிளிட்டில் ஒன்று, 9,000 பிடியூ, கீழே மட்டும். அவர்களே சூட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். 100 ஆம்புக்குள் அது அடங்குமா என்று மின்சாரக்காரர் கணக்குப் பார்க்கட்டும்.

ஆளைப் பிடிக்கும்போது

மூன்று பேரிடம் விலை கேளுங்கள். எஃப்280 கணக்கைத் தாளில் தர முடியுமா, -15இல் எவ்வளவு தரும், இருக்கிற டக்டின் காற்றழுத்தத்தை அளந்தீர்களா, இந்த மூன்றையும் கேட்டாலே பாதிப்பேர் திரும்பி அழைக்க மாட்டார்கள். கேஸ் வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ (மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு, குளிர்வாயு வேலைக்கு 313ஏ அல்லது 313டி உரிமம், மின்சார வேலைக்கு ஈஎஸ்ஏ (மின்சாரப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி. நம்முடைய ஆள், ஊர்க்காரர் என்பதற்காக இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். எந்த மொடலுக்கு எவ்வளவு உதவித்தொகை என்பதையும் கையெழுத்துக்கு முன்னரே எழுத்தில் வாங்குங்கள்.

ஃபில்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மீன் பொரிக்கும் எங்கள் வீடுகளில் அது எண்ணெயும் தூசியுமாகப் பிசுபிசுத்துப் போயிருக்கும், ஃபர்னஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், பம்ப் பொறுக்காது.

கடைசியாக வெளிப்பெட்டி. பழைய ஏசி இருந்த இடத்திலேயே, பக்கவாசலோரம் வைக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், அவர்களுக்குக் குழாய் மிச்சம். கீழ்வீட்டுக்காரர் போய்வருவது அந்த வாசலால்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பனி உருகி வடியும் தண்ணீர் அந்தப் படியில் விழுந்து கண்ணாடிபோல உறையும். வீட்டின் பின்பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள், நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர இரும்புத் தாங்கியில், கூரைத் தண்ணீர் விழாத இடத்தில். குழாய்க்குக் கூடக் கேட்டால் கொடுங்கள்.